பத்துப் பெட்டைக்கு ஏழு சேவல் ஆகிவிட்டது, என்ன செய்வது?

உங்கள் கேள்வியிலிருந்து நான் புரிந்துகொண்டது: ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம் பக்கம், கொல்லையில் பத்துப் பெட்டை, தை மாதம் இரண்டு அடையில் பொரித்ததில் ஏழு சேவலாகத் தேறிவிட்டது. இப்போது ஆனி, ஐந்து மாதம் ஆகிறது. விடியலுக்கு முன்பே கூவலும் பகலெல்லாம் சண்டையும் தாங்கவில்லை, அறுக்கவும் மனசு வரவில்லை. ஒன்றைப் பெட்டைகளோடு விடுங்கள், இன்னொன்றைக் கையிருப்பாகத் தனியே அடையுங்கள், மீதி ஐந்தும் ஆடி முடிவதற்குள் கொல்லையை விட்டுப் போக வேண்டும்.

இதற்குக் கீழே "வாயில்லா ஜீவன், பாவம்" என்று எழுத வருபவர்கள் முதலில் ஒரு பெட்டையைப் பிடித்து மடியில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். சேவல் அதிகமான கொல்லையில் பெட்டையின் பிடரியிலும் முதுகிலும் இறகு போய், தோல் சிவந்து சொரசொரவென்று இருக்கும். இறக்கையைத் தூக்கி விலாவைப் பாருங்கள். மிதிக்கும்போது, அதாவது இணை சேரும்போது, சேவலின் கால்முள் கிழித்த காயம் அங்கேதான் மறைந்திருக்கும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. அதில் ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும். சேவலுக்குப் பயந்து பெட்டை இரையை விட்டு ஒதுங்கும், மறைவு தேடி வேலிக்குள் முட்டையிடும், பிறகு முட்டையே குறையும். ஏழு சேவலையும் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவைப்பது பெட்டைகளுக்குச் செய்கிற கொடுமை. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

கணக்கு எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். முட்டை தின்ன மட்டும்தான் கோழி வளர்க்கிறீர்கள் என்றால் அந்த ஒன்றும் வேண்டாம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை பொரியாது, அவ்வளவுதான். நீள முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பார்த்து அடை வைத்தால் சேவல் குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முட்டையிடுவதற்கு முன்பே தாய்க்கோழியின் கருமுட்டை அதைத் தீர்மானித்துவிடுகிறது, ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை முறை அடை வைத்தாலும் பாதிக்குப் பாதிதான் வரும். குறைக்க வேண்டுமானால் அடை வைப்பதைக் குறையுங்கள்.

எதை வைத்துக்கொள்வது? உடம்பு பெரியது, கொண்டை பெரியது என்று மட்டும் பார்க்காதீர்கள். இரையைக் கண்டால் கொக்கரித்துப் பெட்டைகளைக் கூப்பிட்டுக் கொடுக்கிற சேவல் நல்லது. விரல் கோணல் இல்லாமல், நெஞ்செலும்பு வளையாமல், கண் தெளிவாக இருக்க வேண்டும். ஆளைப் பார்த்துப் பாய்கிற சேவலை, எவ்வளவு அழகாக இருந்தாலும், இனத்துக்கு நிறுத்தாதீர்கள். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும், குழந்தைகள் இருக்கிற வீட்டில் கண்ணுக்கே ஆபத்து. இன்னொன்று, உங்கள் ஏழும் உங்கள் பெட்டைகளின் பிள்ளைகள். அதையே மறுபடி சேர்த்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பொரிப்பு குறைந்து குஞ்சு சவலையாகும். நல்ல சேவல் இரண்டைத் தேர்ந்தெடுத்து, வேறு ஊரில் கோழி வளர்க்கிற ஒருவரிடம் சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்ளுங்கள். காசில்லாமல் முடிகிற வேலை. மாற்றிய பிறகு இரண்டு மூன்று வாரத்து முட்டையைத் தின்றுவிட்டு, அதற்குப் பிறகு வருவதை அடை வையுங்கள். பழைய சேவலின் விந்து அவ்வளவு நாள் பெட்டையின் உடம்பில் உயிரோடு இருக்கும்.

ஐந்தை எப்படித் தள்ளுவது என்பதில்தான் நம் பக்கத்துக்காரர்கள் காசை விடுகிறார்கள். காவிரி டெல்டாவில் பயிருக்குப் போலக் கோழிக்கும் ஒரு பட்டம், அதாவது பருவம், உண்டு. தையில் பொரித்த குஞ்சு, சம்பா அறுவடையில் களத்திலும் தாளடியிலும் (அறுத்த வயலிலும்) சிந்திய நெல்லைப் பொறுக்கியே வளரும், ஆடியில் ஒன்றரைக் கிலோவை நெருங்கும். ஆடியில் குலதெய்வம், காவல் தெய்வம், மாரியம்மன் கோயில் என்று சேவலுக்கு அலைவார்கள். ஆவணி வரை ஓடும். புரட்டாசி பிறந்தால் விலை படுத்துவிடும். ஐப்பசியில் தீபாவளிக்கு ஏறி, கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டதும் மறுபடி இறங்கும், மாட்டுப் பொங்கலுக்குத்தான் அடுத்து எழும். அடை வைத்து 21 நாளில் பொரிப்பு, பொரித்து ஐந்து ஐந்தரை மாதத்தில் விற்பனை என்று பின்னாலிருந்து எண்ணி அடை வையுங்கள். பங்குனி கடைசியில் பொரித்தால் சேவல் சரியாகப் புரட்டாசியில் வந்து நிற்கும். அப்படி மாட்டிக்கொண்டால் உங்களுக்குப் பக்கத்திலேயே ராஜகிரி, பண்டாரவாடை இருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களுக்குப் புரட்டாசி தடையில்லை. உயிரோடு கொடுங்கள், அவர்கள் முறைப்படி அறுத்துக்கொள்வார்கள்.

தையில் பொரிப்பதில் ஒரு தொல்லையும் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். முளைத்து வரும்போது கோழி இறங்கினால் சீய்த்துத் தள்ளிவிடும், ஊர்ச் சண்டை அதில்தான் ஆரம்பிக்கும். மாசி முழுவதும் காலையில் கொல்லையில் அடைத்து இரை வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் திறந்துவிடுங்கள். வரப்பில் வைக்கிற எலி மருந்துக்கும் அதுவே பாதுகாப்பு.

படையலுக்கு வாங்குபவர் கொண்டையில் குத்துக்காயம் இருந்தால் தொடமாட்டார். ஊனமில்லாத சேவல்தான் வேண்டும் என்பார். அதனால் சண்டை முற்றுவதற்கு முன்பே பிரிக்க வேண்டும். எட்டு வாரத்தில் கொண்டை சிவந்து கால் தடித்துக் காட்டும். மூன்று மாதத்தில் பிடரி இறகைப் பிரித்துப் பார்த்தால் சேவலுக்கு நுனி கூர்மையாகவும் பெட்டைக்கு வட்டமாகவும் இருக்கும். அதற்கு மேல் தள்ளிப்போட வேண்டாம். சேவல்களை மட்டும் ஒன்றாகப் பெட்டைகளின் கண்ணில் படாத இடத்தில் அடைத்தால், கூடப் பிறந்தவை பெரும்பாலும் பெரிய சண்டை போடாது. தலைக்கு நாலு சதுர அடி, இரைத் தட்டு இரண்டு இடத்தில், நடுவில் மறைவுக்கு இரண்டு கீற்றுத் தட்டி. ஒன்றை வெளியே எடுத்து இரண்டு நாள் கழித்துத் திரும்ப விடாதீர்கள், புது ஆளாக நினைத்துக் கொத்திக் குதறிவிடும்.

விற்பதற்கு முன் மூன்று வாரம் நல்ல தீவனம் போடுங்கள். பத்துக் கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் நாலு கிலோ, குருணை இரண்டு, தவிடு ஒன்றரை, கடலைப் பிண்ணாக்கு இரண்டேகால், தாது உப்புக் கலவை 220 கிராம், சாதா உப்பு 30 கிராம். ஒரு சேவல் நாளைக்கு 100 கிராமிலிருந்து 120 கிராம் தின்னும். ஏழுக்கு மாதம் 25 கிலோ வரை ஆகும், அதனால்தான் வைத்துக்கொண்டே இருப்பது கட்டாது என்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய பிண்ணாக்கைப் பிட்டு முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் போடாதீர்கள், ஈரலைக் கெடுத்துவிடும். முட்டைக்கோழித் தீவனத்தை இளஞ்சேவலுக்குப் போடக்கூடாது. அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து வளர்கிற கோழியின் சிறுநீரகத்துக்கு ஆகாது.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டியில் கூடை கட்டிக்கொண்டு வருகிற வியாபாரி கையால் தூக்கிப் பார்த்து "ஒண்ணேகால் வரும்" என்பார். கொக்கியில் தொங்கவிடும் ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கி, சாக்கில் போட்டு நீங்களே நிறுத்துச் சொல்லுங்கள், அவர் பேச்சு உடனே மாறும். அதைவிட எரிச்சல், கடைகளில் இரண்டரை மாதத்தில் கொட்டகைத் தீவனத்தில் வளர்ந்த கலப்பினக் கோழியை "நாட்டுக்கோழி" என்று பலகை மாட்டி விற்பது. ஐந்து மாதம் கரையானும் புல்லும் தின்று வளர்ந்த சிறுவிடை என்கிற அசல் நாட்டு இனச் சேவலைக் கொண்டுபோனால் அதே விலைதான் சொல்கிறார்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் கோபிக்க வேண்டாம், கலப்பினம் கலப்பினம் என்ற பெயரிலேயே விற்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. பெயரைத் திருடுவதால் நஷ்டம் கொல்லையில் பத்துக் கோழி வைத்திருக்கும் பெண்களுக்கு. அதனால் கடைக்குப் போகாமல் தெரிந்த வீடுகளுக்கு நேராகக் கொடுங்கள்.

வீட்டிலேயே அறுப்பதானால் முறையாக அறுங்கள். முந்தின இரவு இரை வேண்டாம், தண்ணீர் மட்டும். சாக்கின் ஒரு மூலையைத் தலை நுழையும் அளவுக்கு வெட்டி, சேவலைத் தலைகீழாக இறக்கித் தொங்கவிட்டால் இறக்கை அடிக்காது, பதறாது. கூர்மையான கத்தியால் தாடைக்குக் கீழே இரண்டு பக்க ரத்தக்குழாயும் அறுபட ஒரே இழுப்பு. இரண்டு மூன்று நிமிடம் ரத்தம் வடியட்டும். கொதித்த தண்ணீரும் பச்சைத் தண்ணீரும் சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 65 டிகிரி வரும், அதில் முக்கால் நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் முக்கி இறக்கை இறகை இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வர வேண்டும். சூடு கூடினால் தோல் வெந்து கிழியும். பிறகு மஞ்சள் பூசி வைக்கோல் தீயில் வாட்டுங்கள். குடலை எடுக்கும்போது ஈரலோடு ஒட்டியிருக்கும் பச்சைப் பித்தப்பை உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உடைந்தால் கறியே கசக்கும். ஒன்றரைக் கிலோ சேவலில் ஒரு கிலோ கறி நிற்கும். ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பேற்றுங்கள், அல்லது ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் ஒரு நாள் வைத்து மறுநாள் சமையுங்கள். இடைப்பட்ட நேரத்தில் கறி விறைத்திருக்கும், எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பராகத்தான் இருக்கும். நிறையப் பேர் சேவல் கறியைக் குறை சொல்வது இதனால்தான்.

மனசு வராதவர்கள் செய்கிற இரண்டு வேலை இருக்கிறது. கோயில் வாசலிலோ ரோட்டோரத்திலோ விட்டுவிட்டு வருவது முதலாவது. அன்றிரவே நாயோ கீரியோ பிடிக்கும், அதை இரக்கம் என்று சொல்ல முடியாது. சண்டைக்குக் கேட்பவரிடம் கொடுப்பது இரண்டாவது. விலங்குகளை மோதவிடுவது 1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், விலை இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் கொடுக்காதீர்கள். காயடித்துவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடாவுக்குப் போல வெளியே இல்லை, சேவலின் விதை முதுகெலும்பை ஒட்டி வயிற்றுக்குள்ளே இருக்கிறது. மயக்கமருந்து இல்லாமல் விலாவைக் கிழிக்கிற வேலை, வேண்டவே வேண்டாம்.

சந்தைக்குக் கொண்டுபோய் விலைபோகாமல் திரும்பி வந்த சேவலை மட்டும் நேராகக் கொல்லைக்குள் விடாதீர்கள். வெள்ளைக்கழிச்சல் என்கிற கோழிக் கொள்ளைநோய் பல வீட்டுக்குள் நுழைவது அப்படித்தான். தூரமாக ஒரு பஞ்சாரத்தில் (கோழி கவிழ்க்கும் கூடையில்) 21 நாள் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர்ச் சட்டியும் தனி, முதலில் பெட்டைகளுக்கு இரை வைத்துவிட்டு அதற்குப் பிறகு அதனிடம் போங்கள். நிற்கப்போகிற இரண்டு சேவலுக்கும் எட்டாவது வாரத்து வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டிருக்கவில்லை என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு, பத்துப் பெட்டைகளையும் சேர்த்தே கொண்டுபோங்கள்.