மெயின் கண்டன்சரைப் பெரிதாக்கினால் பாஸ் கூடுமா?

பழைய ஆம்ப்ளிஃபயர்களின் பவர் சப்ளை பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

எங்கள் வீட்டில் 1980 வாக்கில் வாங்கிய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. சேனலுக்கு 40 வாட். உள்ளே 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட், கொள்ளளவின் அளவை), 50 வோல்ட் மெயின் கண்டன்சர் இரண்டு. 22000 போட்டால் பாஸ் அதிரும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
*மஞ்சக்குப்பம் வாசகர்*

22000 வேண்டாம், 10000 போதும். 4700-ஐயே புதிதாகப் போட்டாலும் குறையில்லை.

கணக்கைப் பாருங்கள். இரண்டு சேனலும் 8 ஓம் ஸ்பீக்கரில் முழு 40 வாட் கொடுக்கும்போது, ஆம்ப்ளிஃபயர் போர்டுக்கு டிசி கொண்டுபோகும் பிளஸ் லைனிலும் மைனஸ் லைனிலும் சராசரியாக 2 ஆம்பியர் ஓடும். நம் கரண்ட் 50 சைக்கிள் என்பதால் ஏசியை டிசியாக்கும் டையோடு பிரிட்ஜுக்குப் பிறகு கண்டன்சர் வினாடிக்கு 100 முறை நிரம்புகிறது. இடைப்பட்ட 10 மில்லிவினாடியும் அது ஒன்றேதான் சுமையைத் தாங்க வேண்டும். அந்த நேரத்தில் நல்ல 4700 சுமார் 4 வோல்ட் இறங்கும். 10000 என்றால் 2 வோல்ட், 22000 என்றால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் செட்டில் லைன் 35 வோல்ட். 40 வாட்டுக்கு ஸ்பீக்கரில் வேண்டிய உச்சமோ 25 வோல்ட்தான். அந்தக் கடைசி ஒரு வோல்ட் யார் காதுக்கும் எட்டாது. புதிய கண்டன்சர் போட்டதும் பாஸ் எழுந்து நிற்கிறது என்றால், பழையது காய்ந்துபோயிருந்தது என்று பொருள். அளவு பெரிதானதற்கு அதில் பங்கு குறைவு.

பெரிய கண்டன்சருக்கு விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டும். அது நிரம்ப எடுத்துக்கொள்ளும் நேரம் குறுகும். அந்தக் குறுகிய நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரும் டையோடுகளும் அதிக கரண்ட் தர வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் முன்பைவிடச் சூடாகும். சுவிட்ச் போடும் நொடியில் பாயும் கரண்டால் சுவிட்சின் முனைகள் கருகும். இருப்பதைப் போல இரண்டு மடங்கு வரை போனால் பழைய டிரான்ஸ்ஃபார்மர் பொதுவாகத் தாங்கும். அதற்கு மேல் கட்டாயம் வேண்டும் என்பவர்கள் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் (கரண்ட் நுழையும் சுற்றில்) 5 ஓம் என்டிசி ஒன்றை, அதாவது சூடானதும் தடை குறையும் ரெசிஸ்டரை, தொடரில் சேர்த்து, டையோடுகளை எடுத்துவிட்டு 35 ஆம்பியர் கேபிபிசி 3510 பிரிட்ஜைச் சேசிஸில் இறுக்கிவிடுங்கள்.

வோல்ட்டில் மட்டும் தாராளமாக இருங்கள். ராத்திரி லோடு குறைந்து வீட்டு கரண்டின் வோல்ட் ஏறும் தெருக்களில், சும்மா இருக்கும் 35 வோல்ட் செட் 38, 39 காட்டும். 63 வோல்ட், 105 டிகிரி கண்டன்சர் வாங்குங்கள். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த எலெக்ட்ரோலிட்டிக் வகைக் கண்டன்சரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி நிற்கும் கண்டன்சருக்கு இது முக்கியம். பழைய 4700 இருந்த இடத்திலேயே இன்றைய 10000 அடங்கிவிடும். காலின் இடைவெளி 10 மில்லிமீட்டர்தானா என்று மட்டும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். உறை மாற்றிய போலிகளும் சந்தையில் உண்டு. 10000 என்று எழுதிய டப்பா கையில் எடுத்தால் காற்றுபோல இருந்தால் வாங்காதீர்கள். வாங்கியதை எல்சிஆர் மீட்டரில் (கண்டன்சரின் அளவைக் காட்டும் மீட்டர்) அளக்காமல் செட்டில் வைக்காதீர்கள்.

கண்டன்சரை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். எந்த வரிசையில் செய்ய வேண்டும்?
*லாஸ்பேட்டை வாசகர்*

பிளக்கைப் பிடுங்கியதும் கை வைக்காதீர்கள். 470 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி, ஒவ்வொரு கண்டன்சர் மேலும் அரை நிமிடம் வையுங்கள். மீட்டரில் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது நம் பட்டறைகளில் பழக்கமாகிவிட்டது. கண்டன்சரின் உள் இணைப்பு அதில்தான் கெடுகிறது.

கழற்றும் முன் ஃபோனில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். இரண்டு கண்டன்சரில் ஒன்றின் பிளஸ்ஸும் மற்றொன்றின் மைனஸும்தான் நடுவில் கிரவுண்டில் சேரும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்திருக்கும் என்று நினைத்து ஈயம் வைப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. தலைகீழாக மாட்டிய எலெக்ட்ரோலிட்டிக் சூடேறி வெடிக்கும். முதல் முறை சுவிட்ச் போடும்போது முகத்தை அதன் மேல் கொண்டுபோகாதீர்கள்.

முதல் கரண்ட் சீரிஸ் லேம்ப், அதாவது தொடரில் சேர்த்த பல்பு வழியாகத்தான். பழைய இழை பல்பு 60 அல்லது 100 வாட் வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கரைக் கழற்றி வையுங்கள். சுவிட்ச் போட்டதும் பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்து, கண்டன்சர் திசை, பிரிட்ஜ், அவுட்புட் டிரான்சிஸ்டர் என்ற வரிசையில் பாருங்கள். பல்பு மங்கிய பிறகு இரண்டு லைனும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா, ஸ்பீக்கர் முனையில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று அளந்துவிட்டு நேர் கரண்ட் கொடுங்கள். பல்பு தொடரில் இருக்கும்வரை லைன் வோல்ட் குறைவாகத்தான் காட்டும்; பயப்பட வேண்டாம்.

கண்டன்சர் மாற்றிய பிறகு ஹம்மிங் (ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்ற இரைச்சல்) முன்பைவிட அதிகமாகிவிட்டது. புதிய கண்டன்சர் பழுதா?
*திருப்பாதிரிப்புலியூர் வாசகர்*

கண்டன்சரைக் குறை சொல்லும் முன் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயர் இரண்டு கண்டன்சரின் சந்திப்பில் வந்து சேர வேண்டும். அந்தச் சந்திப்பிலிருந்து தனி ஒயர் ஒன்றை ஒரே புள்ளிக்குக் கொண்டுபோய், ஸ்பீக்கர் மைனஸ், ஆம்ப்ளிஃபயர் போர்டு, டோன் போர்டு (பாஸ், டிரெபிள் போர்டு) மூன்றையும் அங்கேயே பிரிக்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கும் கண்டன்சருக்கும் நடுவே எங்காவது ஸ்பீக்கர் மைனஸை ஒட்டியிருந்தால், கண்டன்சர் நிரம்பும்போது பாயும் கரண்ட் அந்த ஒயரில் ஏற்படுத்தும் சிறு வோல்ட் முழுவதும் சத்தமாக வெளிவரும். கண்டன்சரைப் பெரிதாக்கியிருந்தால் அந்தப் பாய்ச்சலும் கூடியிருக்கும். அதனால்தான் மாற்றிய பிறகு ஹம் ஏறியது.

இன்னொரு சோதனை. வால்யூமை முழுக்கக் குறைத்தும் ஹம் அப்படியே இருந்தால் சப்ளை அல்லது கிரவுண்ட். வால்யூமோடு கூடிக் குறைந்தால் இன்புட் பக்கம், ஒயர் ஷீல்டு, டேப் டெக்கின் எர்த் என்று தேடுங்கள்.

2என்3055 டிரான்சிஸ்டர் போட்டு ஊரிலேயே அசெம்பிள் செய்த பழைய ஆம்ப்ளிஃபயர். டிரான்ஸ்ஃபார்மர் 18-0-18 (நடு ஒயருக்கு இரு பக்கமும் 18 வோல்ட் ஏசி). அதை 24-0-24 ஆகச் சுற்றிப் போட்டால் சத்தம் கூடும்தானே?
*கடலூர் முதுநகர் வாசகர்*

கூடும், கொஞ்ச நேரத்துக்கு. கண்டன்சர் ஏசியின் உச்சத்துக்கு நிரம்புவதால் 18-0-18 உங்களுக்கு பிளஸ் மைனஸ் 24 வோல்ட் தருகிறது, மொத்தம் 48. 24-0-24 போட்டால் பிளஸ் மைனஸ் 32க்கு மேல் போகும், மொத்தம் 65. 2என்3055-இன் கலெக்டர் எமிட்டர் தாங்கும் எல்லை 60 வோல்ட். ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு லைன் வோல்ட்டும் ஸ்பீக்கர் காயிலுக்குப் போகும். அதே 18-0-18-ஐ அதிக ஆம்பியருக்குச் சுற்றச் சொல்லுங்கள். அடி பலமாக விழும்போது லைன் படுத்துக்கொள்ளாமல் நிற்கும். இந்த செட்டுக்கு அதுதான் சரியான அப்கிரேட்.

தாத்தா பிரான்சிலிருந்து கொண்டுவந்த வால்வு செட். ரெக்டிஃபையர் வால்வு (ஏசியை டிசியாக்கும் வால்வு) ஈஇசட்81. அதை எடுத்துவிட்டு டையோடு போடச் சொல்கிறார்கள். பின்பக்கம் 127, 220 என்ற வோல்ட் செலக்டரும் இருக்கிறது.
*குருசுக்குப்பம் வாசகர்*

வால்வை விட்டுவிடுங்கள். ஈஇசட்81 சூடாகி மெதுவாக உயர்வோல்ட்டைத் தருகிறது. டையோடு அதைச் சுவிட்ச் போட்ட நொடியே தரும், அதுவும் கூடுதலாக. மற்ற வால்வுகள் சூடாகாத நிலையில் எந்தச் சுமையும் இல்லாமல், பழைய கண்டன்சர்கள் தம் எல்லைக்கு மேல் வோல்ட்டைத் தாங்க வேண்டியிருக்கும். ரெக்டிஃபையரை அடுத்த முதல் கண்டன்சரும் 50 எம்எஃப்டியைத் தாண்டக்கூடாது. அந்த வால்வின் எல்லை அது. அதற்கு அடுத்த கண்டன்சரை வேண்டுமானால் கூட்டிக்கொள்ளலாம்.

உங்கள் செட்டின் நிஜமான தொல்லை செலக்டர்தான். 220-இல் வைத்து 240 வோல்ட் கொடுத்தால் 6.3 வோல்ட் ஃபிலமென்டுக்கு 6.9 போகிறது. 245 என்ற துளையும் இருந்தால் அதற்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் 12 வோல்ட், 2 ஆம்பியர் சிறு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதன் பிரைமரியை வீட்டு கரண்ட் லைனிலும், 12 வோல்ட் சுற்றைச் செட்டுக்குப் போகும் ஃபேஸ் ஒயரில் தொடராகவும் சேருங்கள். செட்டை மாட்டும் முன் மீட்டரில் பாருங்கள்: 228 வந்தால் சரி, 252 காட்டினால் 12 வோல்ட் ஒயர் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இதையெல்லாம் மூடிய பெட்டிக்குள், ஃபியூஸோடு அமைக்க வேண்டும்.

டோன் போர்டுக்கு 7815, 7915 ரெகுலேட்டர் ஐசி (பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் தருபவை) போட்டேன். 7915 போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது.
*வில்லியனூர் வாசகர்*

இரண்டுக்கும் கால் வரிசை வேறு. எழுத்து உங்களைப் பார்த்திருக்க, 7815-இல் இடமிருந்து இன்புட், கிரவுண்ட், அவுட்புட். 7915-இல் கிரவுண்ட், இன்புட், அவுட்புட். அதைவிட முக்கியம்: 7915-இன் உலோகத் தகடு இன்புட்டோடு சேர்ந்தது. மைக்காவும் பிளாஸ்டிக் வாஷரும் இல்லாமல் சேசிஸில் முடுக்கினால் மைனஸ் லைன் நேராக எர்த்துக்குப் போகும். உங்கள் ஃபியூஸ் அதனால்தான் போயிருக்கும். இரண்டும் 35 வோல்ட் இன்புட் வரைதான் தாங்கும் என்பதையும் கவனியுங்கள்.

தேவனாம்பட்டினத்தில் கடற்கரை ஓரம் வீடு. கரண்ட் போனால் பழைய இன்வெர்ட்டரில் பாட்டுக் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமுகிறது. சத்தமும் குறைகிறது.

உங்களுடையது சதுர அலை இன்வெர்ட்டர். 230 வோல்ட் வீட்டு கரண்டின் உச்சம் 325 வோல்ட். சதுர அலையில் 230-ஐ ஒட்டியே நிற்கும். கண்டன்சர் உச்சத்துக்குத்தான் நிரம்பும் என்பதால் ஆம்ப்ளிஃபயரின் டிசி லைன் 35 வோல்ட் என்றால் 25க்கு வந்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் எதை மாற்றியும் இது தீராது. சைன் அலை இன்வெர்ட்டர்தான் வேண்டும். உப்புக்காற்றுக்கு, ஃபியூஸ் ஹோல்டரையும் பவர் சுவிட்சையும் வருடம் ஒருமுறை கழற்றிப் பச்சை பிடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.