வலைத் தரத்துக்கு ஒரு சமூகக் குழு: தரகருக்கு அங்கே வேலையே இல்லை

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வசிக்கிறேன்; ஓசூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. கைப்பேசித் திரையில் தமிழ்ச் சொற்கள் தவறான இடத்தில் உடைவதைச் சரிசெய்ய, நண்பர்களுடன் சேர்ந்து வலைத் தரத்துக்கான, அதாவது இணையப் பக்கங்கள் எப்படி இயங்க வேண்டும் என்ற பொது விதிகளுக்கான, சமூகக் குழு தொடங்க எண்ணம். முதலில் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று ஒரு தரகர் 25,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். வலைத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி, 2011 முதல் இத்தகைய குழுக்களுக்கு இடம் தருகிறது. தொடங்கவும் சேரவும் கட்டணம் இல்லை. அதன் தளத்தில் இலவசக் கணக்கு திறந்து, குழுவின் பெயரையும் நோக்கத்தையும் எழுதி முன்மொழியுங்கள். ஐந்து பேரின் ஆதரவு கிடைத்தால் போதும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே படிவத்தை எல்லோர் தலையிலும் கட்டுவது இந்தத் தரகர்களின் வழக்கம். அடுத்து 'அங்கீகாரச் சான்றிதழ்' வாங்கித் தருவதாகச் சொல்வார்கள். உங்கள் கணக்கின் கடவுச்சொல்லையும் கேட்பார்கள். இரண்டுக்கும் இடம் கொடுக்க வேண்டாம்.

ஆதரவு தெரிவித்தவர் தானாக உறுப்பினர் ஆகிவிடமாட்டார். குழு தொடங்கியபின் ஒவ்வொருவரும் தனியாகச் சேர்ந்து, பங்களிப்பாளர் ஒப்பந்தத்தை ஏற்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் நான் அஞ்சுவது இந்த ஒப்பந்தத்தைத்தான். நீங்கள் தரும் யோசனையை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அதில் உறுதி தருகிறீர்கள். காப்புரிமையும் அதில் அடங்கும். ஆனால், பணியாளரின் கண்டுபிடிப்பு நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல நிறுவனங்கள் பணி ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருக்கும். உங்களுடையதில் அப்படி இருந்தால், நிறுவனத்தின் உரிமையை நீங்கள் எப்படித் தானம் செய்ய முடியும்? வீட்டில், ஞாயிற்றுக்கிழமை, சொந்தக் கணினியில் செய்தேன் என்பது எல்லா இடத்திலும் செல்லாது. மேலாளர் வாய்மொழியாகச் சரி என்றதும் போதாது. அதிகாரம் உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியபின் சேருங்கள். சொந்தத் தொழில் செய்யும் நண்பருக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும்: சமூகக் குழுவின் அறிக்கை வலைத் தரம் ஆகிவிடாது. அதை, தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி பணிக்குழு ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டும். உலாவி (பிரௌசர்) தயாரிப்பவர்களும் முன்வர வேண்டும். அதற்கு ஆண்டுகள் ஆகும். தமிழ் எழுத்தின் குறையைக்கூட ஆங்கிலத்தில் எழுதி வாதாடினால்தான் காது கொடுப்பார்கள் என்ற நிலை எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. ஆனாலும் எழுதுங்கள்; எழுதாத குறை அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்திய மொழிகளின் எழுத்தமைப்புத் தேவைகளை டபிள்யூ3சி முன்பே ஆவணப்படுத்தி வருகிறது. முதலில் அதைப் படியுங்கள். உங்கள் குறை அதில் இருந்தால் புதுக் குழுவே தேவைப்படாமல் போகலாம். இல்லையென்றால், 'மாவட்டம்' என்ற சொல் 'மாவ' என்று உடைந்து, அடுத்த வரி புள்ளி வைத்த 'ட்' எழுத்தில் தொடங்குவதைப் போன்ற இடங்களைப் படம் பிடியுங்கள். நம் அச்சு மரபு வரித் தொடக்கத்தில் மெய்யெழுத்தை அனுமதிப்பதில்லை என்பதைப் படத்தின் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதி, எந்தக் கைப்பேசி, எந்த உலாவி என்பதையும் குறித்து, முன்மொழிவோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.