கால் எடுத்த பூனைக்கு வலி மருந்து: எது கூடாது, எது வேண்டும், எத்தனை நாள்?

கேள்வி: எங்கள் பூனை சுந்தரிக்கு மூன்று வயது, நான்கு கிலோ எடை. மழை பெய்த இரவில் பக்கத்து வீட்டுக் காரின் பானட்டுக்குள் போய்ப் படுத்திருக்கிறாள். காலையில் வண்டியைக் கிளப்பியதில் இடது பின்னங்கால் சிதைந்துவிட்டது. பாதித் தொடையோடு காலை எடுத்து இன்றோடு ஐந்து நாள். மூன்று நாளைக்குக் கொடுத்த மெலாக்சிகாம் சொட்டு மருந்து முடிந்துவிட்டது. பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறாள். நேற்று இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். தொடப் போனால் சீறுகிறாள், ஆனால் மடியில் வைத்துக்கொண்டால் குர்குர் என்கிறாள். ராத்திரியில் திடீரென்று அலறி, கால் இருந்த இடத்தைத் திரும்பிக் கடிக்கப் போகிறாள். வலியா, பயமா? வீட்டில் பாராசிட்டமால் இருக்கிறது. கால் மாத்திரை கொடுக்கலாமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. கால் மாத்திரை என்ன, ஒரு துணுக்குகூட வேண்டாம். மற்றதை அப்புறம் படிக்கலாம், முதலில் இதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.

நம் கல்லீரல் பாராசிட்டமாலைக் கட்டிப்போட்டுச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அந்த வேலையைச் செய்யும் நொதி பூனையின் கல்லீரலில் சரியாக இல்லை. தங்கிப்போகும் மருந்து நஞ்சாக மாறி ரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கும். அதன் பிறகு ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆக்சிஜனைச் சுமக்காது. கிலோவுக்கு 10 மில்லிகிராம் அளவிலேயே நஞ்சேறிய பூனைகள் உண்டு. 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு என்பது சுந்தரியின் எடைக்கு அதைப்போல மூன்று மடங்கு. ஒருமுறை ஒருவர் தன் கடுவன் பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தார். முதல் நாள் இரவு காய்ச்சல் என்று நினைத்து, பாவமே என்று அரை மாத்திரை கொடுத்திருக்கிறார். முகமும் முன்பாதங்களும் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. எவ்வளவோ பார்த்தோம், மதியம் போய்விட்டது. யாராவது ஏற்கெனவே கொடுத்திருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நஞ்சை முறிக்கும் மருந்து இருக்கிறது, ஆனால் சில மணி நேரத்துக்குள் போட வேண்டும். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். காயத்தைச் சுற்றித் தைலம் தடவுவதும் வேண்டாம். அதை நக்கினால் உள்ளே போவதும் நஞ்சுதான்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வலிதான். ஒளிந்துகொள்வது, சாப்பாட்டைத் தவிர்ப்பது, தொட்டால் சீறுவது, மூன்றும் சேர்ந்து வந்தால் நான் பயத்தின் மேல் பழி போட மாட்டேன். குர்குர் சத்தத்தை நம்பாதீர்கள். பூனை சுகமாக இருக்கும்போதும் அப்படிச் செய்யும், பிரசவ வேதனையிலும் செய்யும், எலும்பு முறிந்து மேசையில் கிடக்கும்போதும் செய்யும். நாய் போல முனகிக்காட்டும் பழக்கம் பூனைக்கு இல்லை. அது வலியை முகத்தில் காட்டும், அதுவும் கொஞ்சமாகத்தான்.

அந்த முகத்தைப் படிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. கனடாவில் மான்ட்ரியால் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2019இல் வெளியிட்டது. ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்: காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலை. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். வலி இல்லாத பூனையின் காது முன்னோக்கி நிமிர்ந்திருக்கும். வலி ஏற ஏற இரண்டு காதும் விலகி, வெளிப்பக்கமாகத் திரும்பித் தட்டையாகும். கண் இடுங்கும். உருண்டையாக இருக்கும் மூக்குப் பகுதி இறுகி நீள்வட்டமாகும். தளர்ந்து வளைந்திருக்கும் மீசை விறைத்து முன்னால் நீட்டிக்கொள்ளும். தலை தோளுக்குக் கீழே தொங்கும். மொத்தம் பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து தேவை என்று பொருள். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் உடம்பை நக்கும்போதும் பார்க்காதீர்கள். விழித்துச் சும்மா இருக்கும்போது, நாலடி தள்ளி உட்கார்ந்து அரை நிமிடம் பாருங்கள். காலையும் மாலையும் பார்த்து, நாள்காட்டித் தாளின் ஓரத்திலேயே எண்ணைக் குறித்து வையுங்கள். மருந்து கொடுத்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொண்டுபோனால், "டல்லா இருக்கு சார்" என்று சொல்வதைவிட நூறு மடங்கு உதவும்.

ராத்திரி அலறலைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வேறு வகை வலியாக இருக்கலாம். காலை எடுக்கும்போது தசை, ரத்தக்குழாய் மட்டுமல்ல, தடித்த நரம்புகளும் வெட்டப்படுகின்றன. தசையின் வலி வீக்கத்தோடு வரும், முதல் மூன்று நாள் கடுமையாக இருந்து வீக்கம் வற்ற வற்ற இறங்கும். வெட்டுப்பட்ட நரம்பின் நுனி அப்படி அடங்குவதில்லை. சில பூனைகளில் அது தானாகவே மின்சாரம் அடித்ததுபோலச் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். மூளைக்கோ அந்தக் கால் இன்னும் அங்கே இருக்கிறது. காலை இழந்த மனிதர்கள் இல்லாத பாதம் எரிகிறது என்று சொல்வார்களே, அதே வலி. படுத்திருந்த பூனை யாரோ குத்தியதுபோல எகிறுவது, பின்பக்கமாக ஓடுவது, முதுகுத்தோல் துடிப்பது, எடுத்த இடத்தைக் கவ்வப் போவது எல்லாம் இதன் அடையாளங்கள். பெரும்பாலான பூனைகளுக்கு வாரங்கள் போகப் போகக் குறைந்துவிடும். ஆனால் தானாகப் போகும் என்று மருந்தில்லாமல் விடக்கூடாது. தொடர்ந்து வலியில் கிடக்கும் நரம்பு மண்டலம் நாளாக ஆகச் சின்னத் தொடுதலையும் வலியாக உணரத் தொடங்கிவிடும், அப்புறம் அதை இறக்குவது பெரும்பாடு. அடுத்த முறை அலறும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் அதைச் செய்துகாட்டாது.

இப்போது மருந்து. மெலாக்சிகாம் வீக்கத்தோடு வரும் வலிக்கு நல்ல மருந்துதான், ஆனால் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. திரும்பத் திரும்பக் கொடுப்பதற்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கட்டம் கட்டி எச்சரிக்கையே போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் மிகக் குறைந்த அளவில் நீண்ட நாள் கொடுக்க அனுமதி உண்டு. அதனால் உங்கள் மருத்துவர் மூன்று நாளோடு நிறுத்தியதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு முழுக் காலை எடுத்த பூனைக்கு அது நின்றதும் அந்த இடத்தில் வேறொரு மருந்து வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. கருத்தடை ஆபரேஷனுக்கு மூன்று நாள் போதும், இதற்குப் போதாது. வலி மருந்து ஒன்றிரண்டு வாரமாவது தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வலி இருந்தால் இன்னும் நீளும்.

பாட்டிலின் அடியில் மெலாக்சிகாம் சொட்டு மிச்சமிருந்தாலும் அதை நீங்களாகத் தொடர வேண்டாம். சுந்தரி சரியாகச் சாப்பிடவில்லை. உடம்பில் நீர் வற்றிய பூனைக்கு மெலாக்சிகாம் கொடுத்தால் அடி நேராகச் சிறுநீரகத்தில் விழும். அளவிலும் பெரிய வில்லங்கம் இருக்கிறது. பூனைக்கான திரவத்தில் ஒரு மில்லிக்கு 0.5 மில்லிகிராம், நாய்க்கானதில் 1.5. கடையில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்துவிட்டால் அளவு மூன்று மடங்கு. மனிதருக்கான மாத்திரை 7.5 மில்லிகிராமில் தொடங்குகிறது. நான்கு கிலோ பூனை தினமும் தாங்குவதோ 0.2 மில்லிகிராம் அளவுதான். ஸ்டீராய்டு ஊசி ஏதாவது போட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இரண்டும் சேரக்கூடாது.

நீங்கள் இன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டியது கபாபென்டின். நரம்பு வலிக்கு நாங்கள் முதலில் எடுப்பது அதைத்தான். மனிதர்களுக்கான மருந்துதான், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு காட்டினால் கிடைக்கும். ஆனால் 100 மில்லிகிராம் கேப்ஸ்யூலே சுந்தரிக்கு அதிகம், பெரும்பாலும் அதில் பாதியோ அதற்குக் குறைவோதான் ஒரு வேளைக்கு வரும். எடையும் சிறுநீரகமும் பார்த்து மருத்துவர் பிரித்துத் தருவார். முதல் இரண்டு நாள் குடித்தவர்போலத் தள்ளாடுவாள், தூங்கிக்கொண்டே இருப்பாள். மூன்று காலில் நிற்கப் பழகும் பூனை தள்ளாடுவதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். அந்த நாட்களில் உயரத்தில் ஏறவிடாமல் சின்ன அறையில் வையுங்கள். ரொம்ப மயக்கமாக இருந்தால் அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். நிறுத்தும்போதும் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டிரமடால் என்ற வலி மருந்தை எழுதித் தந்தால் அதன் கசப்புக்குத் தயாராக இருங்கள். மருந்து நாக்கில் பட்டதுமே பூனை நுரை நுரையாகத் தள்ளும், அது வலிப்பு அல்ல. பியூப்ரினார்ஃபின் என்ற வலி மருந்து கிடைத்தால் ரொம்ப நல்லது. விழுங்க வைக்கவே வேண்டாம், பூனையின் எச்சில் காரத்தன்மை உள்ளது என்பதால் கன்னத்துக்குள் விட்டாலே உறிஞ்சப்பட்டுவிடும். ஆனால் போதைமருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதால் எல்லா கிளினிக்கிலும் வைத்திருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பக்கத்தில் உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உள்ளூரில் வழியில்லை என்றால் அங்கே விசாரியுங்கள்.

எந்த மருந்தானாலும் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள், பூனையைப் பார்த்து அல்ல. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் காலை ஏழு, இரவு ஏழு. "இப்ப நல்லாத்தானே தூங்குது" என்று ஒரு வேளையை விட்டுவிடுகிறார்கள். அவள் தூங்குவதே போன வேளை மருந்தின் புண்ணியத்தில்தான். வலி முழுசாக ஏறிய பிறகு அதே அளவு மருந்து அதே வேலையைச் செய்யாது.

கொடுக்கும் முறை இதுதான். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துவந்து அங்கேயே வைத்துக் கொடுக்காதீர்கள், அந்த மூலை அவளுக்குப் பத்திரமான இடமாகவே இருக்கட்டும். வேறு அறையில், உங்கள் மடியில், பழைய துண்டால் கழுத்துவரை சுற்றுங்கள். இடது பக்கத்தை அழுத்தாமல் வலது பக்கம் உங்கள் உடம்போடு சேர்ந்திருக்கட்டும். ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே நுழைத்து, சொட்டுச் சொட்டாக, அவள் விழுங்க விழுங்க விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் புரையேறும்.

சாப்பாடு இன்னொரு அவசரம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து கெட்டுப்போகலாம். வலி இறங்கினால் பசி வரும், இருந்தாலும் நீங்களும் கொஞ்சம் உதவுங்கள். வேகவைத்த கோழியோ மத்தி மீனோ, முள் எடுத்து, கையில் தொட்டால் இளஞ்சூடு தெரியும் பதத்தில் வையுங்கள். சூட்டில்தான் வாசம் எழும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு மட்டும் ஆகாது. தண்ணீரும் சோறும், அவள் மலஜலம் கழிக்கும் மண் தட்டும் அவள் இருக்கும் இடத்திலிருந்து இரண்டெட்டில் இருக்கட்டும். மண் தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்க வேண்டும். தையல் பிரிக்கும்வரை, அதாவது பத்திலிருந்து பதினான்கு நாள், மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், காயத்தில் ஒட்டாது. டைல்ஸ் தரையில் மூன்று காலும் வழுக்கும், ஒவ்வொரு வழுக்கலும் தையலை இழுக்கும். அவள் நடக்கும் வழியில் கோரைப்பாயோ சணல் சாக்கோ விரித்துவிடுங்கள், நகம் பிடித்துக்கொள்ளும். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் கூம்பைப் பாவம் என்று கழற்றாதீர்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், டெட்டால் எதுவும் தையலில் வேண்டாம்.

24 மணி நேரம் எதுவுமே சாப்பிடவில்லை, 24 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, ஈறு வெளுத்துவிட்டது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறாள், தையல் பிரிந்து சீழோ ரத்தமோ வருகிறது என்றால் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். தையலுக்கு அடியில் மெத்தென்று நீர் கோத்திருந்தால் அவ்வளவு அவசரமில்லை, ஆனால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், குறை சொல்வதாக இல்லாமல். மழைக்காலத்தில் வண்டியை எடுக்கும் முன் பானட்டில் இரண்டு தட்டு தட்டினால் போதும், உள்ளே கிடப்பது எழுந்து ஓடிவிடும்.

கடைசியாக, மிச்சமிருக்கும் தொடைப்பகுதி விட்டுவிட்டு வேகமாக ஆடுவதைப் பார்ப்பீர்கள். அதையும் வலி என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். முகத்தைப் பாருங்கள். காது நிமிர்ந்து, கண் பாதி மூடி, தலையை இடது பக்கம் சாய்த்திருந்தால் அவளுக்குக் காது அரிக்கிறது. இல்லாத காலால் சொறியப் பார்க்கிறாள். இடது காதுக்குப் பின்னால் உங்கள் விரலால் சொறிந்துவிடுங்கள், தொடை ஆட்டுவது நிற்கும்வரை.