பார் நம்பரும் 'கட்'டும்: கேள்வி பதில்

(இசைத்தாளில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே உள்ள பகுதி பார். ஒரு வாத்தியத்துக்கு மட்டுமான தாள் பார்ட், எல்லா வாத்தியங்களும் சேர்ந்தது ஸ்கோர். சில பார்களை வாசிக்காமல் விடுவது கட்.)

ஹட்டன், வயலின் மாணவி: மாஸ்டர், எங்கட பார்ட் அரை பாரில் தொடங்குது. அதுதான் 1ஆ?

இல்லை மகள். அது பிக்அப், அதாவது முதல் முழு பாருக்கு முன் வரும் குறை பார்; அதற்கு நம்பர் கிடையாது. அடுத்து வரும் முழு பார்தான் 1. மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் பிக்அப்பைப் பிறகு சேர்த்தால், அந்த பாரை எண்ணிக்கையிலிருந்து விலக்க வேண்டும். மறந்தால் கடைசி வரை எல்லா நம்பரும் ஒன்று அதிகமாகிவிடும்.

கண்டி, பாண்ட் பொறுப்பாசிரியை: ரிப்பீட்டில் முதல் தடவைக்கான முதல் முடிவு, திரும்ப வாசிக்கும்போது அதற்குப் பதிலாக வரும் இரண்டாம் முடிவு இரண்டையும் எப்படி எண்ணுவது?

தொடர்ச்சியாக எண்ணுவதும் உண்டு, ஒரே நம்பருக்கு அ, ஆ போடுவதும் உண்டு. எதுவானாலும் ஸ்கோரும் பார்ட்டுகளும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் ஒத்திகைக்கு முன் ஒவ்வொரு பார்ட்டிலும் கடைசி பாரின் நம்பரைப் பாருங்கள். வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும். இந்த இரண்டு முடிவுகளால் பீத்தோவனே அவதிப்பட்டார். ஐந்தாம் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இரண்டு பார் கூடுதலாக அச்சாகிவிட்டதென்று 1810இல் பதிப்பாளருக்கு எழுத வேண்டியதாயிற்று.

பண்டாரவளை, ஹார்ன் வாசிப்பவர்: நத்தார் நிகழ்ச்சிக்காக 105 தொடக்கம் 112 வரை கட். மிச்சத்துக்குப் புது நம்பர் போடலாமா அண்ணே?

வேண்டாம் தம்பி. 104க்குப் பிறகு 113 என்றே இருக்கட்டும். மாற்றினால் ஸ்கோரோடு ஒத்துப்போகாது, நாளைக்கு அந்தக் கட் வேண்டாமென்றால் மறுபடியும் வேலை. சொல்லும் விதத்திலும் கவனம்: "105இலிருந்து 113க்கு" என்றால் பாதிப் பேர் 105ஐ வாசித்துவிட்டுத்தான் தாவுவார்கள். "கடைசியாக 104, அடுத்தது 113" என்று சொல்லுங்கள்.

உங்கள் பார்ட்டில் 97 முதல் 120 வரை ஒரே 24 பார் ரெஸ்ட் (வாசிக்காமல் எண்ணும் இடம்) என்றால் கட் அதன் நடுவில் விழுகிறது. 24ஐ அடித்து 8 + 8 என்று எழுதுங்கள். வெறும் 16 போட்டால் 113இல் நிறுத்தித் தொடங்கும்போது தடுமாறுவீர்கள்.

அதைவிட மோசம், வெட்டிய எட்டு பாருக்குள் ஒளிந்திருக்கும் குறிப்புகள். ஸ்கேல் மாற்றம், டெம்போ, மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் கருவி) போடுவது, கிளாரினெட்காரர் பி பிளாட் கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு ஏ கிளாரினெட்டை எடுப்பது, டிம்பனி முரசின் சுருதி மாற்றம். எல்லாவற்றையும் 113க்கு மேலே எழுத வேண்டும். டிம்பனிக்கும் கிளாரினெட்டுக்கும் மாற்ற நேரம் கிடைக்காவிட்டால் கட்டின் இடத்தையே நகர்த்துங்கள். 104இன் கடைசி நோட்டில் டை (அடுத்த பாரின் அதே நோட்டோடு இணைக்கும் வளைகோடு) இருந்தால் அதையும் அடிக்கவும்.

நுவரெலியா, பார்ட் எடுத்துவைப்பவர்: வெட்டிய இடத்தை மூடி ஒட்டலாமா?

வாடகைப் பார்ட்டென்றால் 2பி பென்சில் மட்டும். சொந்தப் பிரதியில் வெள்ளைத் தாளை மேல் ஓரத்தில் மட்டும், கழற்றக்கூடிய டேப்பால் ஒட்டுங்கள். பசை வேண்டாம்: உங்கள் ஊர் ஈரத்தில் தாள் நெளிந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும்.