‘லிம்’ என்றால் விவரிப்பதா?

கேள்வி: ஆங்கிலத்தில் எழுதிய பல்கலைக்கழக விண்ணப்பக் கட்டுரையில், என் பாட்டியின் வாழ்க்கையை ‘டிஸ்கிரைப்’ செய்ததாக எழுதியிருந்தேன். பணம் வாங்கிக்கொண்டு திருத்தித் தந்தவர் அதை ‘லிம்’ (limn) என்று மாற்றிவிட்டார். அப்படியே விடலாமா? நேர்காணலில் அதை எப்படி உச்சரிப்பது?

பதில்: விட வேண்டாம். உங்கள் பழைய சொல்லையே திரும்பப் போடுங்கள்.

‘லிம்’ தப்பான சொல் இல்லை, அழகான சொல். ஒளியூட்டுதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கையெழுத்துச் சுவடிகளைப் பொன்னாலும் வண்ணத்தாலும் அலங்கரிப்பதை முதலில் குறித்தது. பிறகு படம் வரைவதற்கு ஆனது. 1593-இல் ஷேக்ஸ்பியர், ஓவியன் ஒரு குதிரையைத் தீட்டுவதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறார். சொல்லால் தீட்டுவது அதன் நீட்சி. நாமும் ‘கட்டுரை தீட்டினார்’ என்கிறோமே, அதே போக்குதான். அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன் 1993 நோபல் உரையில், மனிதர்களின் வாழ்க்கையைத் தீட்டிக்காட்டும் ஆற்றலில்தான் மொழியின் உயிர்ப்பு இருக்கிறது என்று சொல்ல இந்த வினையை எடுத்தார். அந்த உரையின் நடை அதைத் தாங்குகிறது. உங்கள் கட்டுரையோ எளிமையாகப் பேசுகிறது. நடுவில் இந்த ஒரு சொல் மட்டும் இரவல் நகைபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். 2010-இல் அமெரிக்காவின் பால்டிமோர் சன் நாளிதழ் இதை முதல் பக்கத் தலைப்பில் போட்டபோது வாசகர்களிடமிருந்தே எதிர்ப்பு வந்தது.

எனக்குக் கோபம் அந்தத் திருத்துநர்கள்மீதுதான். அகராதியில் பக்கத்தில் இருப்பதைப் பிடுங்கி ஒட்டிவிட்டுக் காசு கேட்கிறார்கள். ‘லிம் என்றால் விவரி’ என்று மனப்பாடம் செய்ய வைக்கும் சொற்பட்டியல் தேர்வுகள்தான் இவர்களை வளர்க்கின்றன. ஒரு சொல் எந்த வாக்கியத்தில் பொருந்தும் என்று அங்கே யார் சொல்லித் தருகிறார்கள்?

உச்சரிப்புக்கு வருவோம். எழுத்தில் கடைசியாக ‘ன்’ உண்டு, வாயில் கிடையாது. ‘லிம்’ என்று நிறுத்துங்கள். ஆனால் ஓவியரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் அது திரும்ப வந்துவிடும்: ‘லிம்னர்’. ஆங்கிலத்தில் ‘ஆட்டம்’ (autumn) என்று சொல்லும் இலையுதிர்காலம் ‘ஆட்டம்னல்’ ஆகும்போதும், பத்திரிகையில் ‘காலம்’ (column) எழுதுகிறவர் ‘காலம்னிஸ்ட்’ ஆகும்போதும் இதேதான் நடக்கிறது. ‘லிம்மர்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், ஒரு சொல்லை மாற்றியவர் இன்னும் பத்தையாவது மாற்றியிருப்பார். உங்கள் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது நீங்கள் தயங்கும் சொல் எதுவானாலும் எடுத்துவிடுங்கள்.