பல் டாக்டர் பதில்கள்: பஸ்ஸுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

பதில் சொல்பவர், குன்னூரில் 24 ஆண்டுகளாகப் பல் வைத்தியம் பார்ப்பவர்.

கேள்வி: மேட்டுப்பாளையம் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது பர்லியாறு தாண்டினால் போதும், வலது மேல் கடவாய்ப் பல் விண்விண்ணென்று தெறிக்கிறது. வீட்டுக்கு வந்து படுத்தால் அடங்கிவிடுகிறது. 'பஸ்ஸுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?' என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
- பள்ளி ஆசிரியர், குன்னூர்

பதில்: சிரிக்கட்டும் சார். அடுத்த முறை கீழே ஒரு சிப்ஸ் பாக்கெட் வாங்கி வந்து அவர்கள் கையில் கொடுங்கள். மேலே வருவதற்குள் அது பலூன் மாதிரி உப்பியிருக்கும். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். நாம் இருப்பது சுமார் 1,850. ஏற ஏறக் காற்றழுத்தம் குறைகிறது, அடைபட்ட காற்று விரிகிறது. சொத்தைக்குள்ளோ பழைய அடைப்புக்கு அடியிலோ சிக்கிய காற்றுக்கும் அதே கதிதான். ஆனால் பாக்கெட் உப்பும், பல் உப்பாது. உள்ளே ஏற்கெனவே வீங்கிக் கிடக்கும் நரம்புதான் அந்த நெருக்கலை வாங்கிக்கொள்கிறது.

அதற்கு முன் சைனஸைப் பார்க்க வேண்டும். கன்னத்துக்குள், மேல் கடவாய்ப் பல் வேர்களுக்கு மேலேயே இருக்கும் காற்றறை அது; சளி பிடித்திருந்தாலும் மலை ஏறும்போது அங்கே வலிக்கும். குனிந்தால் அதிகமாகிறதா? நாலைந்து பல் சேர்ந்தாற்போல் வலிக்கிறதா? அப்படியென்றால் மூக்கை முதலில் கவனியுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இதைக் கேட்காமல், ஊசி போடும்வரை போய், எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருப்பதைப் பார்த்து நான் வெட்கப்பட்டதுண்டு. இப்போதெல்லாம் மேல் பல் வலி என்று யார் வந்தாலும் 'தலையைக் குனியுங்க' என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

ஒரே பல்தான், தட்டினால் சுரீர் என்கிறது, சூடான டீ பட்டால் வலி நிமிடக்கணக்கில் நிற்கிறது என்றால் அநேகமாக ரூட் கேனல்தான். மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து, கெட்ட நரம்பை எடுத்து, வேர்க்குழாய்களை மெல்லிய கம்பிகளால் சுத்தம் செய்து, மருந்தால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற மரப்பாலால் அடைத்து, மேலே கேப் போடுவோம். முன்பல்லில் குழாய் பெரும்பாலும் ஒன்று. மேல் முதல் கடவாயில் வேர் மூன்று, குழாய் பெரும்பாலும் நான்கு. அந்த நான்காவது முடி மாதிரி ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் வலி திரும்ப வரும். டாக்டர் இன்னொரு தடவை வரச் சொன்னால் காசுக்கு இழுக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

வலி ஒருநாள் தானாக நின்றுபோனாலும் வாருங்கள். நரம்பு செத்திருக்கும், சீழ் சத்தமில்லாமல் வேருக்கு அடியில் சேரும். பஞ்சில் நீலகிரி தைலம் நனைத்து ஈறில் வைக்கவே வைக்காதீர்கள், வெந்துபோகும்.

கேள்வி: பல் க்ளீன் செய்தால் பல் ஆட ஆரம்பித்துவிடும் என்கிறார் மாமியார். உண்மையா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: அத்தை பார்த்தது பொய்யில்லை, சொன்ன காரணம்தான் தப்பு. ஈறும் எலும்பும் அரித்துப்போன பல்லை, கல்லாகப் படிந்த காரைதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். அந்த அரிப்புக்கே காரணம் அதே காரைதான். எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். சுத்தம் செய்த சில நாட்கள் கூச்சம் இருக்கும். ஜனவரிக் குளிரில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வெதுவெதுப்பான தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: கடவாய்ப் பல் எடுத்த மறுநாளே கொழுந்து பறிக்கப் போகலாமா? மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடும் என்றும் பயமாக இருக்கிறது.
- தோட்டத் தொழிலாளி, கூடலூர்

பதில்: கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள் அம்மா.

பஞ்சை அரை மணி நேரத்துக்கு மேல் கடித்திருங்கள். துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது; ஒருநாள் சூடான டீயும் வேண்டாம். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீரை மெதுவாக வாயில் வைத்து, தானாக வழியவிடுங்கள். குழியில் உறைந்த ரத்தம்தான் மருந்து. அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, மூன்றாம் நாள் காதுவரை குத்தும். அப்படியானால் உடனே திரும்பி வாருங்கள். கொழுந்து பறிப்பதைவிட மூட்டை தூக்குவதுதான் எனக்குக் கவலை. முடிந்தால் ஒரு நாள் லீவு கேளுங்கள். வெற்றிலை பாக்கை இந்தச் சாக்கில் விட்டுவிட்டால் எனக்குச் சந்தோஷம். சர்க்கரைக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மாத்திரை சாப்பிட்டால் பல் எடுப்பதற்கு முன்பே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கேப் போட்ட பல்லால் வர்க்கி கடிக்கலாமா?
- வாசகர், ஊட்டி

பதில்: என் கேப் ஒன்றே வர்க்கியில்தான் போனது. டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள்.