புயலுக்குப் பிறகு ஒற்றை டிக்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதாரண்யம் பக்கம் எனக்கு ஐந்தாறு நண்பர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது மூன்று நாள் விடாமல் போன் அடித்தேன்; ஒருவரும் கிடைக்கவில்லை. நான்காம் நாள் கிடைத்தவரிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்பதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. மறுபடி வடகிழக்குப் பருவமழை வருகிறது. எப்படி விசாரிப்பது?

வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

லைன் கிடைக்காததை வைத்து ஆளுக்கு என்னவோ என்று பதறாதீர்கள். மின்கம்பம் சாய்ந்த பிறகு செல்போன் கோபுரம் பேட்டரியில் சில மணி நேரம்தான் ஓடும். அப்புறம் டீசல் வேண்டும். சாலையில் மரம் கிடந்தால் டீசல் வந்து சேராது. அதனால்தான் புயல் அடிக்கும் இரவில் பேசியவர் மறுநாள் மதியம் காணாமல் போகிறார். வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் என்றால் செய்தி அவர் போனுக்குப் போகவில்லை, அவ்வளவே. சாம்பல் நிறத்தில் இரட்டை டிக் விழுந்தால் பதில் வராவிட்டாலும் நல்ல சேதிதான்: போன் ஓடுகிறது, சிக்னல் எட்டியிருக்கிறது.

விடாமல் அடிப்பது அவருக்குக் கெடுதல். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். மிச்சத்தை நம் அழைப்பு தின்னும். குறுஞ்செய்தி அனுப்புங்கள். டேட்டா வேண்டாம்; சிக்னல் வரும்வரை காத்திருந்து போய்ச் சேரும். ஆனால் தமிழ் எழுத்தில் ஒரு செய்திக்கு 70 குறிகள்தான் இடம். ‘வீ’ என்பதே இரண்டு குறி. மீறினால் துண்டாகப் பிரியும். ஒரு துண்டு சேர்ந்து இன்னொன்று தங்கிவிடலாம். இப்படி அனுப்பலாம்:

‘நலமா? 1 நலம் 2 வீடு சேதம் 3 மருந்து தேவை. எண் மட்டும் போதும்.’

இது 61 குறி. பதில் ஓர் எண்தான் என்பதால் அவரும் கட்டைவிரலை ஒருமுறை அழுத்தினால் போதும்.

அத்தனை பேரையும் நீங்களே துரத்த வேண்டாம். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். எல்லாரும் அவருக்குச் சொல்லட்டும், அவர் உங்களுக்குச் சொல்லட்டும். யாருக்காவது ஆபத்து என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. சிங்கப்பூரிலிருந்து இந்தச் சிறு எண்ணை அடித்துப் பயனில்லை. தஞ்சாவூர்க்காரர் நாகை கோடு 04365 சேர்த்து அடிக்கலாம். நமக்கு இரண்டரை மணி நேரம் முந்திவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். நம் காலை ஏழு அங்கே நாலரை.

லைன் கிடைத்ததும் முதலில் தண்ணீரைக் கேளுங்கள். கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. மேல்தொட்டி ஓரிரு நாளில் காலி. பக்கத்தில் அடிபம்பு உண்டா? அடுத்து மருந்து. வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், பிரித்த பாட்டில் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் 28 நாள் தாங்கும் என்று சொல்லுங்கள். ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் வைக்கலாம்; ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனால் வீண். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்தால் திண்ணையில் வைக்க விடாதீர்கள். வீட்டைவிட்டு இருபது அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயுவுக்கு மணமே கிடையாது.

பணம் அனுப்ப அவசரப்படாதீர்கள். சிங்கப்பூரின் பேநவ்விலிருந்து (PayNow) இந்தியாவின் யுபிஐக்குப் போடும் வசதி 2023இலிருந்து உண்டு. ஆனால் கரண்ட் இல்லாத ஊரில் ஏடிஎம் ஓடாது, கோபுரம் இல்லாத ஊரில் ஜிபேயும் கிடையாது. அதே தஞ்சாவூர்க்காரர் கணக்கில் போட்டால் அவர் தார்ப்பாயும் கயிறும் மெழுகுவர்த்தியும் கொசுவர்த்தியும் வாங்கி வண்டியில் ஏற்றுவார். கூரையின் நீள அகலத்தைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சின்னதாகப் போன தார்ப்பாய் அடுத்த மழையில் பறக்கும்.

பத்து நாள் கழித்து, ஒரு மாதம் கழித்து மறுபடி கூப்பிடுங்கள். மற்றவர்கள் விசாரிப்பதை நிறுத்தியிருப்பார்கள். தென்னை போனவரிடம் ‘உயிர் தப்பியதே’ என்று ஆரம்பிக்காதீர்கள். புதுக் கன்று காய்க்க எத்தனை வருடம் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை மரம், கணக்கெடுக்க விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வந்தாரா என்று கேளுங்கள். வரவில்லையென்றால், அறுத்து அப்புறப்படுத்தும் முன் ஒவ்வொரு மரத்தையும் தேதியோடு போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.